பல்கலைக்கழக மெயிலில் ஸ்பேம் ஃபில்டர்: எந்த மெயில் எங்கே நிற்கிறது, நம் கையில் எது இருக்கிறது?

மாலைவெயில் (கேள்வி):

பல்கலைக்கழக மெயில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேம் ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குழப்பம் நான்கு இடத்தில்.

ஆய்விதழ் ஆசிரியர் குழுவிலிருந்து வரும் மெயில் சில நேரம் ஜங்க் ஃபோல்டரில் கிடக்கிறது. "நாட் ஜங்க்" கொடுத்தாலும் அடுத்த மெயில் மறுபடி அங்கேதான் போகிறது. வேறு சில மெயில்கள் ஜங்க்கிலும் இல்லை, இன்பாக்ஸிலும் இல்லை. அனுப்பியவரோ அனுப்பிவிட்டேன் என்கிறார். துறைத் தலைவர் பெயரில் "அவசரம், உங்கள் கைபேசி எண்ணை அனுப்புங்கள்" என்று வரும் போலி மெயில் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் இன்பாக்ஸில் வந்து உட்காருகிறது. நான்காவது, பல்கலைக்கழக மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து வைத்தால் அங்கே பல மெயில்கள் ஸ்பேமில் விழுகின்றன, சில வருவதே இல்லை.

இவற்றில் எதை சர்வர் தீர்மானிக்கிறது, எதை என் கணக்கில் நானே மாற்றலாம்? ஐ.டி. பிரிவிடம் சொல்லும்போது என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும்?


தபால்பெட்டி:

வணக்கம். ஸ்பேம் ஃபில்டர் என்று ஒற்றையாகச் சொல்கிறோமே, அது அடுத்தடுத்து வைத்த நான்கு சோதனைச் சாவடிகள். உங்கள் கையில் இருப்பது கடைசிச் சாவடி மட்டும்தான். மெயில் எந்தச் சாவடியில் நின்றது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் சாவடி, இணைப்பு. வெளி சர்வர் நம் சர்வரைத் தொடர்புகொண்டதும், மெயிலில் ஒரு வரியைக்கூட வாங்குவதற்கு முன், அதன் ஐ.பி. முகவரி தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் இந்தப் பட்டியல்களைப் பராமரிக்கின்றன. பார்க்கும் முறை எளிது. 192.0.2.10 என்ற ஐ.பி. வந்தால் அதைத் திருப்பி 10.2.0.192 என்று எழுதி, பட்டியலின் பெயரை அதன் பின்னால் ஒட்டி, சர்வர் ஒரு டி.என்.எஸ். (இணையப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித்தரும் அமைப்பு) கேள்வி போடும். 127.0.0.2 மாதிரி விடை வந்தால் அந்த ஐ.பி. பட்டியலில் இருக்கிறது என்று பொருள். விடை ஏதும் இல்லையென்றால் பட்டியலில் இல்லை. இருந்தால் 550 அல்லது 554 என்ற எண்ணோடு இணைப்பு மறுக்கப்படும். இப்படி நின்ற மெயிலை ஜங்க்கில் தேடிப் பயனில்லை, பல்கலைக்கழகம் அதை வாங்கவே இல்லை.

இதே இடத்தில்தான் கிரேலிஸ்டிங்கும் நடக்கும். 2003-ல் வந்த உத்தி. அனுப்பும் ஐ.பி., அனுப்புநர், பெறுநர் மூன்றும் சேர்ந்த தொகுப்பு புதிதாக இருந்தால், சர்வர் 450 அல்லது 451 என்று சொல்லி "இப்போது முடியாது, பிறகு வா" என அனுப்பிவிடும். முறையான சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். ஸ்பேம் கருவிகள் பல, திரும்ப வருவதில்லை. 4-ல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பு, 5-ல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டாவது சாவடி, அனுப்புநர் அடையாளம். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சோதனைகள். எஸ்.பி.எஃப். பார்ப்பது, இந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) சார்பாக மெயில் அனுப்ப இந்த ஐ.பி.க்கு அனுமதி உண்டா என்பதை. டி.கே.ஐ.எம். என்பது மெயிலின் உள்ளடக்கத்துக்கும் சில ஹெடர்களுக்கும் (அனுப்புநர், வந்த பாதை முதலியவற்றைச் சொல்லும் விவர வரிகள்) போட்ட டிஜிட்டல் கையொப்பம். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. டிமார்க் இவ்விரண்டில் ஒன்றாவது தேறியதா, தேறிய டொமைன் நீங்கள் திரையில் பார்க்கும் "ஃப்ரம்" முகவரியின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த டொமைனின் உரிமையாளரே அறிவித்திருப்பார்: ஒன்றும் செய்ய வேண்டாம், ஒதுக்கி வை, மறுத்துவிடு, இந்த மூன்றில் ஒன்று.

மூன்றாவது, உள்ளடக்கம். வைரஸ் சோதனை, இணைப்புக் கோப்பின் வகை, லிங்க்குகளின் நற்பெயர், சொற்கள், ஹெடர்களின் அமைப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது இங்கேதான். நான்காவது உங்கள் பெட்டி: சேஃப் லிஸ்ட், பிளாக் லிஸ்ட், நீங்கள் எழுதிய ரூல்கள்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஜங்க்கிலும் இல்லாத மெயில் பெரும்பாலும் முதல் இரண்டு சாவடியிலோ குவாரன்டைனிலோ நின்றிருக்கும். குவாரன்டைன் என்பது உங்கள் ஜங்க் ஃபோல்டர் அல்ல. சர்வர் பக்கம் தனியாக இருக்கும் கிடங்கு. அதற்குத் தனி இணையப் பக்கம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் ஸ்பேம் அங்கே 15 முதல் 30 நாள் வரை இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். ஜிமெயில் சேவையில் ஸ்பேம் ஃபோல்டரே 30 நாளில் காலியாகும். எதிர்பார்க்கும் மெயில் வரவில்லை என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மூன்றாம் நாளே இரண்டு இடத்தையும் பாருங்கள்.


வேலியோரம்:

தபால்பெட்டி சொன்னதில் கிரேலிஸ்டிங் பற்றி ஒரு சேர்க்கை. தாமதம் ஐந்து நிமிடம்தான் என்று ஐ.டி. பிரிவுகள் எழுதி வைத்திருப்பார்கள். அது நம் சர்வர் விதித்த காத்திருப்பு நேரம் மட்டும். மறுமுயற்சி எப்போது என்பதை அனுப்பும் சர்வர்தான் முடிவு செய்கிறது. 15 நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். பெரிய சேவைகள் ஒவ்வொரு முறையும் வேறு ஐ.பி.யிலிருந்து முயலும். தனித்தனி ஐ.பி.யாக ஒப்பிடும் கிரேலிஸ்டிங்குக்கு ஒவ்வொன்றும் புதுத் தொகுப்பாகத் தெரியும், தாமதம் மணிக்கணக்கில் நீளும். ஒரு முறை மட்டும் வரும் கடவுக்குறியீடு, பத்து நிமிடத்தில் காலாவதியாகும் உறுதிப்படுத்தல் லிங்க் இவை "வரவே இல்லை" என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் "மறுபடி அனுப்பு" பட்டனை ஐந்து முறை அழுத்த வேண்டாம். இரண்டு முறை அழுத்திக் காத்திருந்து, கடைசியாக வந்த குறியீட்டை மட்டும் பயன்படுத்துங்கள். முந்தையவை செல்லாது.

தடைப்பட்டியல் பக்கமும் ஒரு விபத்து நடக்கிறது. சிறிய துறைகள் தனியாக மெயில் சர்வர் வைத்துக்கொண்டு, டி.என்.எஸ். கேள்விகளை எல்லோருக்கும் பொதுவான ரிசால்வர் (டி.என்.எஸ். விடையைத் தேடித்தரும் சர்வர்) வழியாக அனுப்புவார்கள். ஸ்பாம்ஹவுஸ் அப்படி வரும் கேள்விக்கு 127.255.255.254 என்ற பிழை விடை தருகிறது. "ஏதோ விடை வந்தது, எனவே பட்டியலில் இருக்கிறது" என்று சர்வர் புரிந்துகொண்டால், வருகிற மெயில் மொத்தமும் திரும்பிப் போகும். இதற்குத் தீர்வு, சொந்த ரிசால்வர் வைத்துக்கொள்வதும், எந்த விடைக்கு என்ன பொருள் என்று அமைப்பில் எண்ணோடு எழுதிவைப்பதும்.


ஏட்டுமாடம்:

முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் ஜங்க்கில் விழுந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, மெயிலின் ஹெடரிலேயே எழுதியிருக்கும். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்". அங்கே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றின் முடிவும் மேலேயே பட்டியலாக இருக்கும். அவுட்லுக் இணையப் பதிப்பில் மூன்று புள்ளி மெனுவில், "வியூ" என்ற பகுதிக்குள் மெசேஜ் சோர்ஸ் அல்லது மெசேஜ் டீடெயில்ஸ். தண்டர்பேர்டில் கண்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

ஹெடரைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் "ரிசீவ்டு" வரியை மேலே மேலே ஒட்டிக்கொண்டே போகும், ஆகவே பயணத்தின் தொடக்கம் அடியில் இருக்கும். ஆனால் நம் பல்கலைக்கழக சர்வர்கள் ஒட்டிய வரிகளை மட்டுமே நம்பலாம். அவற்றுக்குக் கீழே இருப்பதை அனுப்பியவர் தன் விருப்பப்படி எழுதியிருக்க முடியும்.

பல்கலைக்கழகத்தில் ஸ்பேம்அசாசின் என்ற ஃபில்டர் மென்பொருள் ஓடினால், "எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்" என்ற வரியில் மொத்த மதிப்பெண்ணும் எந்தெந்த விதி பட்டது என்பதும் இருக்கும். இயல்பான எல்லை 5.0. "எக்ஸ்-ஸ்பேம்-லெவல்" வரியில் மதிப்பெண்ணுக்கு ஒன்றாக நட்சத்திரக் குறிகள் இருக்கும். ஏழு நட்சத்திரம் என்றால் ஏழுக்கு மேல். ஆர்ஸ்பாம்டி என்ற இன்னொரு ஃபில்டர் மென்பொருள் ஓடும் இடங்களில் இயல்பு அமைப்பு வேறு: 4-ல் கிரேலிஸ்டிங், 6-ல் ஸ்பேம் குறி, 15-ல் மறுப்பு. இவை இரண்டும் நிர்வாகி மாற்றக்கூடிய எண்கள். மைக்ரோசாஃப்டில் எஸ்.சி.எல். என்ற ஓர் எண்ணைப் பாருங்கள், மெயில் ஸ்பேம் என்பதில் எவ்வளவு உறுதி என்பதன் அளவு அது. -1 என்றால் சோதனை தாண்டிவிடப்பட்டது, 0 அல்லது 1 நல்ல மெயில், 5 அல்லது 6 ஸ்பேம், 9 உறுதியான ஸ்பேம். பக்கத்தில் பி.சி.எல். என்று இன்னோர் எண், 0 முதல் 9 வரை. மொத்தமாக அனுப்பும் நிறுவனங்களின் மெயிலுக்கு எவ்வளவு புகார் வருகிறது என்பதன் அளவு அது. இயல்பு எல்லை 7.

ஆய்விதழ் மெயில் விழுவதற்கு வழக்கமான காரணம் இதழின் பெயர் ஒரு டொமைனிலும், மெயிலை அனுப்பும் கட்டுரை நிர்வாக மென்பொருள் வேறொரு டொமைனிலும் இருப்பது. "ஃப்ரம்" வரியில் ஆசிரியரின் சொந்தப் பல்கலைக்கழக முகவரி, அனுப்பியதோ மூன்றாம் தரப்பு சர்வர். அந்தப் பல்கலைக்கழகத்தின் டிமார்க் கொள்கை கண்டிப்பாக இருந்தால் மெயில் ஒதுக்கப்படுவது சரியான முடிவே. திருத்த வேண்டியவர்கள் இதழ்க்காரர்கள். தங்கள் சொந்த டொமைனிலிருந்து அனுப்பிவிட்டு, ஆசிரியரின் முகவரியை, பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் "ரிப்ளை-டு" வரியில் வைக்க வேண்டும்.

"நாட் ஜங்க்" அழுத்தியும் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? கற்பது யார் என்பதைப் பொறுத்தது. அந்தப் பட்டன் சில அமைப்புகளில் மெயிலை இன்பாக்ஸுக்கு நகர்த்துவதோடு நின்றுவிடும். ஸ்பேம்அசாசினின் பேய்ஸ் பகுதி சொற்களின் நிகழ்தகவை வைத்து வேலை செய்கிறது. குறைந்தது 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் காட்டிக்கொடுக்கும் வரை அது மதிப்பெண் போடவே தொடங்காது. பலர் செய்யும் தவறு, ஸ்பேமை மட்டும் காட்டிக் கொடுப்பது. நல்ல மெயிலையும் அதே அளவுக்குக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்கு எது சாதாரணம் என்றே தெரியாது. இன்னொரு தவறு இன்னும் மோசமானது. விருப்பப்பட்டுச் சேர்ந்த செய்திமடல் அலுத்துப்போனதும் "ஸ்பேம்" அழுத்துவது. கற்றல் பொதுவாக நடக்கும் சர்வரில், உங்கள் அலுப்பு அதே செய்திமடலை எதிர்பார்த்திருக்கும் மற்றவருடைய பெட்டியிலும் எதிரொலிக்கும். உண்மையான செய்திமடலுக்கு அன்சப்ஸ்கிரைப். முன்பின் தெரியாத ஸ்பேமுக்கு ரிப்போர்ட், அதிலுள்ள அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடவே கூடாது; தொட்டால் முகவரி உயிரோடு இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகும்.

சேஃப் லிஸ்ட்டில் இதழின் முழு முகவரியையும் சேர்ப்பது பெரும்பாலும் பலன் தரும். ஜிமெயிலில் அந்த முகவரிக்கு ஃபில்டர் எழுதி "நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். மைக்ரோசாஃப்டில் ஒரு வரம்பு உண்டு: வைரஸ் இருக்கும் மெயில், உறுதியான ஃபிஷிங் (பாஸ்வேர்டு முதலியவற்றைத் திருட ஏமாற்றும் மெயில்) என்று தீர்மானித்த மெயில் இரண்டும் சேஃப் லிஸ்ட்டில் இருந்தாலும் குவாரன்டைனுக்கே போகும். இயல்பு அமைப்பில் அவற்றை நீங்களாக வெளியே எடுக்க முடியாது, நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும். அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.


மாலைவெயில்:

மிக்க நன்றி. அப்படியானால் எங்கள் பல்கலைக்கழக டொமைன் முழுவதையும் சேஃப் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் உள்ளிருந்து வரும் அறிவிப்புகள் எதுவும் தவறாது அல்லவா?


ஏட்டுமாடம்:

அதை மட்டும் செய்ய வேண்டாம். போலி மெயில் அனுப்புபவர் முதலில் போட்டுப் பார்ப்பது உங்கள் சொந்த டொமைனைத்தான். சேஃப் லிஸ்ட் உள்ளடக்கச் சோதனையைத் தாண்டவிடும். டொமைன் முழுவதையும் சேர்த்தால் அந்தப் பெயரைப் பூசிக்கொண்டு வரும் எதற்கும் வழி திறந்துவிட்டதாகும். உண்மையான உள் மெயில் அடையாளச் சோதனையில் தேறிவிடும், அதற்குச் சலுகை தேவையில்லை. தேறாமல் ஜங்க்கில் விழுகிறது என்றால் எங்கோ அமைப்பில் பிழை இருக்கிறது. உதாரணமாக, தேர்வுப் பிரிவு ஒரு வெளி நிறுவனம் வழியாக அறிவிப்பு அனுப்பும், ஆனால் அந்த நிறுவனத்தின் சர்வரை எஸ்.பி.எஃப். பதிவில் சேர்க்க மறந்திருப்பார்கள். அல்லது சேர்த்துச் சேர்த்துப் பதிவு நீண்டுபோயிருக்கும். எஸ்.பி.எஃப். சரிபார்க்கும்போது டி.என்.எஸ். தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பதிவு முழுவதுமே பிழையாகிவிடும். ஒவ்வொரு துறையும் தனக்கொரு வெளிச்சேவை வாங்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த 10 சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு சேவைக்கும் தனித் துணை டொமைன் கொடுப்பதுதான் நிலைத்த வழி.


தபால்பெட்டி:

துறைத் தலைவர் பெயரில் வரும் போலி மெயில் ஏன் தப்புகிறது என்பதற்கு விடை இதோடு சேர்ந்ததே. பெரும்பாலும் அந்த மெயிலில் முகவரி எதுவும் போலி இல்லை. யாரோ ஓர் இலவச சேவையில் புதுக் கணக்கு தொடங்கி, காட்சிப் பெயராக மட்டும் துறைத் தலைவரின் பெயரை வைக்கிறார். துறையின் இணையப் பக்கத்திலேயே ஆசிரியர்களின் பெயரும் பதவியும் முகவரியும் இருப்பதால் யாருக்கு யார் மேலதிகாரி என்பதைத் தெரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. எஸ்.பி.எஃப். தேறும், டி.கே.ஐ.எம். தேறும், டிமார்க்கும் தேறும். இவை மூன்றும் சொல்வது "இந்த மெயில் அந்தச் சேவையிலிருந்தே வந்தது" என்பதை மட்டும். அனுப்பியவர் யார் என்று அவை சொல்வதில்லை.

மூன்றாவது சாவடியிலும் அதற்கு மதிப்பெண் ஏறாது. லிங்க் இல்லை, இணைப்புக் கோப்பு இல்லை, ஒரே வரி. "நேரம் இருக்கிறதா?" என்று ஒரு மனிதர் இன்னொருவரைக் கேட்பதில் எந்த இயந்திரம் குற்றம் கண்டுபிடிக்கும்? நீங்கள் பதில் போட்ட பிறகுதான் பரிசு அட்டை வாங்கச் சொல்வதும் பணம் கேட்பதும் வரும். அதற்குள் உங்கள் பெட்டியைப் பொறுத்தவரை அவர் நீங்கள் பேசிப் பழகிய நபர் ஆகிவிடுகிறார்.

சர்வர் பக்கம் செய்யக்கூடியது இரண்டு. வெளியிலிருந்து வரும் மெயிலுக்கு "வெளி" என்று குறி போடுவது. உள்ளே இருக்கும் முக்கியப் பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதே பெயர் வெளி முகவரியோடு வந்தால் நிறுத்துவது. இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. பேராசிரியர் தன் சொந்த முகவரியிலிருந்து உண்மையாகவே எழுதினாலும் நின்றுவிடும். அதனால் பட்டியலைச் சிறியதாக வைத்து, அவர்களின் தனி முகவரிகளை விலக்காகப் பதிந்துகொள்வார்கள்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: கைபேசிச் செயலிகள் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடும். பெயரைத் தொட்டு முகவரியை விரித்துப் பாருங்கள். பதில் எழுதத் தொடங்கியதும் "டு" கட்டத்தில் என்ன முகவரி விழுகிறது என்றும் பாருங்கள், ஏனென்றால் "ரிப்ளை-டு" வேறாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்த மெயிலுக்குப் பதில் போட்டு உறுதி செய்ய வேண்டாம். தொலைபேசியில் கேளுங்கள், அல்லது முகவரிப் புத்தகத்தில் ஏற்கெனவே உள்ள முகவரிக்குப் புது மெயில் எழுதுங்கள்.


வேலியோரம்:

நான்காவது, ஃபார்வர்டு. இதில் நடப்பது அனுப்பியவர், பல்கலைக்கழகம், ஜிமெயில் மூவரில் யாருடைய தவறும் இல்லை. மெயில் கட்டமைப்பிலேயே இருக்கும் முரண் இது.

உங்களுக்கு வந்த மெயிலைப் பல்கலைக்கழக சர்வர் ஜிமெயிலுக்கு அனுப்பும்போது, அனுப்பும் ஐ.பி. பல்கலைக்கழகத்துடையது. மூல அனுப்புநரின் எஸ்.பி.எஃப். பதிவில் அந்த ஐ.பி. இருக்காது. எஸ்.பி.எஃப். தோற்கும். உறை முகவரியை (சர்வர்கள் தங்களுக்குள் பயன்படுத்தும், எஸ்.பி.எஃப். பார்க்கும் அனுப்புநர் முகவரி) பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாற்றி எழுதும் எஸ்.ஆர்.எஸ். என்ற முறை இருக்கிறது. அப்போது எஸ்.பி.எஃப். தேறும், ஆனால் "ஃப்ரம்" டொமைனோடு ஒத்துப்போகாது, ஆகவே டிமார்க்குக்கு அது உதவாது. மிஞ்சுவது டி.கே.ஐ.எம். கையொப்பம். மெயில் மாறாமல் போனால் அது தப்பிக்கும்.

இப்போது தபால்பெட்டி சொன்ன "வெளி" குறியை நினைத்துப் பாருங்கள். தலைப்பு வரியில் அதைச் சேர்த்தாலும், உடலின் மேல் மஞ்சள் பட்டையாகச் சேர்த்தாலும், மெயில் மாறிவிட்டது. கையொப்பம் உடைந்துவிட்டது. உள்ளே படிப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, சோதனை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஃபார்வர்டு செய்பவருக்கு மட்டும் இரண்டுமே தோற்று, கண்டிப்பான டிமார்க் உள்ள அனுப்புநரின் மெயில் ஜிமெயிலில் மறுக்கப்படும். ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இன்னொன்றின் காலை வாரிவிடும் இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. அடிக்குறிப்புச் சேர்க்கும் மெயிலிங் லிஸ்ட்டுகளும் இதே காரணத்தால்தான் 2014 ஏப்ரலில் யாஹூ கண்டிப்பான டிமார்க் கொள்கையை அறிவித்தபோது பெரிய அளவில் தடுமாறின. 2019-ல் ஏ.ஆர்.சி. என்ற முறை வந்தது. இடையில் நிற்கும் சர்வர் "நான் வாங்கும்போது எல்லாம் தேறியிருந்தது" என்று முத்திரை போட்டு அனுப்பும். பெறுபவர் அந்த முத்திரையை நம்பினால்தான் பயன்.

இன்னொன்று. உங்கள் பெட்டிக்கு வந்த ஸ்பேமும் சேர்ந்தே ஃபார்வர்டு ஆகிறது. ஜிமெயிலின் கண்ணுக்கு அந்த ஸ்பேமை அனுப்பியது பல்கலைக்கழகம். நீங்கள் அங்கே "ஸ்பேம்" அழுத்தும் ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழக சர்வரின் நற்பெயர் குறையும், அது எல்லா மாணவரின் மெயிலையும் பாதிக்கும்.

ஆகவே ஃபார்வர்டை விட்டுவிட்டு, கைபேசியிலோ கணினியிலோ உள்ள மெயில் செயலியில் பல்கலைக்கழகக் கணக்கை இரண்டாவது கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐமேப் (மெயிலை சர்வரில் வைத்தே படிக்கும் முறை) என்றால் போர்ட் 993. அனுப்புவதற்கு 587 அல்லது 465. பதில் எழுதும்போதும் பல்கலைக்கழக சர்வர் வழியாகவே போக வேண்டும். வேறு சேவையின் சர்வரிலிருந்து பல்கலைக்கழக முகவரியை "ஃப்ரம்"-ல் போட்டு அனுப்பினால் உங்கள் மெயில்தான் எதிர்ப்பக்கம் ஜங்க்கில் விழும். ஃபார்வர்டு தவிர்க்கவே முடியாது என்றால், ஸ்பேம் குறி விழுந்த மெயிலை விலக்கிவிட்டு மற்றதை மட்டும் அனுப்பும்படி ரூல் எழுதுங்கள். மூலப் பிரதியைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் தேர்வையும் மறக்காமல் போடுங்கள்.


மறுகரை:

எல்லோரும் உள்ளே வருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பல்கலைக்கழகத்தில் பெரிய சேதம் வெளியே போவதில்தான் நடக்கிறது. "உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே உள்நுழையுங்கள்" என்ற மெயிலை நம்பி ஒரே ஒருவர் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். அந்தக் கணக்கிலிருந்து ஸ்பேம் போகத் தொடங்கும். அது உண்மையான கணக்கு, டி.கே.ஐ.எம். கையொப்பமும் உண்மையானது. உள்ளே இருப்பவர்களுக்கு அது சக மாணவரின் மெயில், எனவே நம்பிக்கையும் அதிகம். சில மணி நேரத்தில் பல்கலைக்கழகத்தின் ஐ.பி. தடைப்பட்டியலில் ஏறும், அதன் பிறகு வேலை விண்ணப்பம் அனுப்பும் ஒவ்வொரு மாணவரின் மெயிலும் திரும்பி வரும். ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை பெறுநருக்குத்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைப்பது இதற்காகத்தான். வரம்பு தொந்தரவாக இருந்தால் மெயிலிங் லிஸ்ட் கேட்டு வாங்குங்கள், பெறுநர் கட்டத்தில் 300 முகவரியை ஒட்டாதீர்கள்.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், பாஸ்வேர்டை மாற்றுவது முதல் படி மட்டும்தான். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், ஏனென்றால் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு சில அமைப்புகளில் பாஸ்வேர்டு மாறினாலும் தொடரும். பிறகு உங்கள் ரூல்களைத் திறந்து பாருங்கள். ஊடுருவியவர் வழக்கமாக ஒரு ரூல் எழுதி வைப்பார்: திரும்பி வரும் பவுன்ஸ்களையும், "இது நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்கும் பதில்களையும் நீங்கள் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தும் ரூல். பெயருக்குப் பதில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும், கண்ணில் படாது. ஃபார்வர்டு முகவரி, மீட்பு முகவரி, மீட்புத் தொலைபேசி எண், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பில் பதிவான சாதனங்கள், கணக்கை அணுக அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் ஒவ்வொன்றையும் பாருங்கள். பிறகு ஐ.டி. பிரிவுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், எந்த நேரத்திலிருந்து எவ்வளவு வெளியே போனது என்று அவர்களால் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) தேட முடியாது. உடனே சொன்னால் அதே போலிப் பக்கத்தில் சிக்கிய மற்றவர்களையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.


ஏட்டுமாடம்:

ஐ.டி. பிரிவிடம் என்ன கொடுப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதால் பயன் மிகக் குறைவு, அதில் ஹெடர் இல்லை. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் மூல ஹெடர் போய்விடும், உங்கள் ஹெடர்தான் வரும். "ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட்" தேர்வு செய்தால் மெயில் முழுதாக ஒரு கோப்பாகப் போகும். அதுதான் வேண்டும்.

வராத மெயில் என்றால் கோப்பு இருக்காது. அப்போது தேவை அனுப்புநரின் முழு முகவரி, பெறுநர் முகவரி, அனுப்பிய தேதியும் நேரமும், எந்த நேர மண்டலம் என்பதும். அனுப்பியவர் தன் "சென்ட்" ஃபோல்டரில் அந்த மெயிலின் மூலத்தைத் திறந்து மெசேஜ் ஐ.டி. வரியை நகலெடுத்துக் கொடுத்தால் லாகில் தேடுவது எளிது. சர்வர் லாக் காலவரையின்றி இருக்காது, ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் பவுன்ஸ் மெயில். அனுப்பியவருக்கு "டெலிவரி ஆகவில்லை" என்று ஒன்று வந்திருக்கும், பலர் அதைப் படிக்காமல் அழித்துவிடுவார்கள். அதிலுள்ள மூன்று பகுதி எண்தான் விடை. 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை, எழுத்துப் பிழை பார்க்கவும். 5.2.2 பெட்டி நிறைந்திருக்கிறது. 5.3.4 மெயிலின் அளவு அதிகம். 25 எம்.பி. வரம்பு என்றால் 25 எம்.பி. கோப்பு போகாது, இதை நினைவில் வையுங்கள். மெயிலில் ஏற்றும்போது கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும், எனவே 18 எம்.பி.யைத் தாண்டினால் லிங்க்காக அனுப்பச் சொல்லுங்கள். 5.7.1 என்பது கொள்கை காரணமாக மறுப்பு. அதன் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தைப் படிக்க வேண்டும், தடைப்பட்டியல்தான் காரணம் என்றால் அதன் பெயர் வழக்கமாக அங்கே இருக்கும்.


மாலைவெயில்:

அனுப்பியவரிடம் கேட்டதில் பவுன்ஸ் கிடைத்தது. 554 5.7.1, "சர்வீஸ் அன்அவைலபிள், கிளையன்ட் ஹோஸ்ட் பிளாக்டு" என்று இருக்கிறது, அருகில் ஒரு ஐ.பி.யும் தடைப்பட்டியலின் பெயரும் இருக்கின்றன. இதில் நான் செய்ய வேண்டியது என்ன?


தபால்பெட்டி:

முதல் சாவடியிலேயே நின்றிருக்கிறது. உங்கள் சேஃப் லிஸ்ட் அதை எட்டவே எட்டாது.

அந்த ஐ.பி. அனுப்பியவருடைய நிறுவனத்தின் மெயில் சர்வர். பவுன்ஸை அப்படியே அவர்களுடைய ஐ.டி. பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் தடைப்பட்டியலின் தளத்தில் அந்த ஐ.பி.யைத் தேடினால் காரணம் தெரியும். பெரும்பாலும் மறுகரை சொன்ன மாதிரி களவுபோன ஒரு கணக்காக இருக்கும். காரணத்தைச் சரிசெய்த பிறகு நீக்கக் கோரிக்கை கொடுக்க வேண்டும். சரிசெய்யாமல் கோரிக்கை மட்டும் கொடுத்தால் மறுபடி பட்டியலில் ஏறும், அடுத்த முறை நீக்குவதும் கடினமாகும்.

அவசரம் என்றால் உங்கள் ஐ.டி. பிரிவிடம் அந்த ஒரு ஐ.பி.க்கு மட்டும், குறிப்பிட்ட நாள் வரைக்கும், முதல் சாவடியில் விலக்கு கேளுங்கள். உள்ளடக்கச் சோதனை அப்படியே இருக்கட்டும். கோரிக்கையில் பவுன்ஸின் முழு வாசகத்தையும் விலக்கு முடியும் தேதியையும் எழுதிவிடுங்கள். தேதி இல்லாத விலக்கை யாரும் எடுப்பதில்லை, இரண்டு வருடம் கழித்து அந்த ஐ.பி. யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மறுக்கப்பட்ட மெயில் தானாகத் திரும்ப வராது, 5-ல் தொடங்கிய எண் அது. விலக்கு கிடைத்ததும் அவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.